சிலிக்கு பனியன் கொண்டுவர நினைக்கும் தம்பிக்கு

தம்பி, "சிலியும் இந்தியாவும் ஒப்பந்தம் போட்டிருக்கின்றனவே, திருப்பூர் பனியனை வரியில்லாமல் இறக்கலாமா? வாடகை, விசா, சாப்பாடு எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையும் விசாவும் மாறிக்கொண்டே இருப்பவை, கிளம்பும்போது விசாரித்துக்கொள்ளுங்கள். அரிசி, பருப்பு கிடைக்கும், பட்டினி கிடக்க மாட்டீர்கள். வரிதான் ஆளைக் கவிழ்க்கும்.

ஒப்பந்தம் என்றாலே வரி கிடையாது என்று நம்பி வருகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அமெரிக்காவோடு 2004 முதலும் சீனாவோடு 2006 முதலும் சிலிக்கு இருப்பது தடையற்ற வணிக ஒப்பந்தம். நம்மோடு 2006-ல் கையெழுத்தாகி 2017-ல் விரிவானது சலுகை ஒப்பந்தம் மட்டுமே. பட்டியலில் உள்ள சரக்குக்குத்தான் சலுகை, அதுவும் சுங்கவரியில் 30 சதவீதத்திலிருந்து 100 சதவீதம் வரை தள்ளுபடி, பொருளுக்குப் பொருள் மாறும். உங்கள் பனியனின் எச்.எஸ். கோட், அதாவது சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் எண், என்ன, அதற்கு எவ்வளவு என்று பார்க்காமல் யாரிடமும் விலை பேசாதீர்கள்.

கப்பல் கூலி, காப்பீடு எல்லாம் சேர்த்து 10,000 டாலர் சரக்கு என்று வையுங்கள். பொதுவான சுங்கவரி 6 சதவீதம், 600 டாலர். அதையும் சேர்த்த தொகைக்கு 19 சதவீதம் இவா, அதாவது இங்கத்து வாட் வரி, 2,014. மொத்தம் 2,614. பாதிச் சலுகை கிடைத்தால் 2,257. சுங்கவரியே இல்லாமல் சீனச் சரக்கை இறக்குகிறவர் 1,900 கட்டுவார். நீங்கள் போட்டியிடப்போவது அவரோடு.

அந்தச் சலுகைக்கும் ஒரிஜின் சர்டிபிகேட், அதாவது சரக்கு இந்தியாவில் உற்பத்தியானது என்ற சான்றிதழ், வேண்டும். ஊரிலிருந்து ஒரு ஏற்றுமதியாளர் "நாளைக்கு வந்துடும் சார்" என்றே இழுத்தடித்ததில் முழு வரியும் நான் கட்டினேன். இப்போதும் அதை நினைத்தால் எரிகிறது. சர்டிபிகேட் நகலைக் கண்ணால் பார்க்காமல் பாக்கிப் பணத்தை அனுப்பாதீர்கள். துபாயில் பில்லை மாற்றி அனுப்பலாம் என்று நம்மவர்களே சிலர் யோசனை சொல்வார்கள். காது கொடுக்காதீர்கள். இடையில் ஒரு நாட்டில் சரக்கு கைமாறினால் சலுகை போய்விடும்.

நான் முதலில் வந்து இறங்கியது சிலியின் வடக்கே உள்ள இகீகே துறைமுக நகரம். அங்கே 1975-லிருந்து சோஃப்ரி என்ற வரியில்லா வணிக வளாகம் இருக்கிறது. சிந்தி வியாபாரிகளின் கடைகள் பல. அங்கே வாங்கினால் சிலி முழுக்க வரியில்லை என்று நினைக்க வேண்டாம், தலைநகர் சாந்தியாகோவுக்கு ஏற்றினால் சுங்கவரியும் இவாவும் கட்டியாக வேண்டும். பகலில் கடை, ராத்திரியில் கண்டெய்னர் இறக்குவது என்று இருந்தேன். ஒருபக்கம் பாலைவனம், ஒருபக்கம் கடல், மழையையே காணோம். சரக்கெடுக்க வரும் பொலிவியப் பெண்களிடம் பேரம் பேசிப் பேசித்தான் ஸ்பானிஷ் பழகினேன். எண்கள் முதலில் வந்தன, அப்புறம் வசவு, அதற்கப்புறம் சுங்கத் தாள். என் தாள்களை இன்று நானே படிக்கிறேன், அதில் எனக்குப் பெருமைதான். பல வருஷம் இருந்தும் இந்தி, ஆங்கிலத்தோடு நின்றுவிட்டவர்கள் இன்னமும் அடுத்தவர் சொல்லும் கணக்கைத்தான் நம்புகிறார்கள்.

நீங்கள் ஊரிலேயே ஸ்பானிஷ் ஆரம்பித்துவிடுங்கள். கோட் எண் கிடைத்ததும் எழுதுங்கள், பட்டியலைச் சேர்ந்தே பார்ப்போம்.