தீபாவளி வரைக்கும் பார்க்கலாமா?

கேள்வி: கோவையில் ஒன்பது வருடமாகச் சின்னதாக ஒரு விளம்பர டிசைன் ஸ்டூடியோ நடத்துகிறேன். வயது 43. அதற்கு முன் சென்னை ஏஜென்சி ஒன்றில் ஆள்குறைப்பில் வேலை போனது. பிறகு நண்பனோடு போட்ட கூட்டும் உடைந்தது. இப்போது இது. இரண்டு பெரிய கஸ்டமர்கள் சொந்தமாக ஆள் வைத்துக்கொண்டார்கள். சின்னக் கடைக்காரர்கள் போனிலேயே போஸ்டர் செய்துகொள்கிறார்கள். மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்க இரண்டு முறை மனைவியின் நகையை அடகு வைத்துவிட்டேன். ஒரு நகைக்கடை மட்டும் 3,80,000 ரூபாய் பாக்கி வைத்து இழுத்தடிக்கிறது. தீபாவளி வரைக்கும் பார்க்கலாமா, இப்போதே மூடிவிடலாமா? போர்டில் இருப்பது என் மகள் பெயர். கழற்ற மனசு வரவில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: மூடிவிடுங்கள் தம்பி. தீபாவளிக்கு முன்னாலேயே.

தீபாவளி வேலை எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். ஆவணிக் கடைசியில் கூப்பிடுவார்கள். புரட்டாசி முழுக்க, ‘அந்தச் சிவப்பு இன்னும் கொஞ்சம் மங்களகரமா இருக்கட்டும்’ என்று ராத்திரி பதினோரு மணிக்குத் திருத்தம் சொல்வார்கள். பில் பாஸாகும்போது பொங்கல் வந்துவிடும். நடுவில் நாலு மாதச் சம்பளம், வாடகை, போனஸ் எல்லாம் உங்கள் கையிலிருந்து. இன்னொரு வளையல் அடகுக்குப் போகும்.

நானும் ஒரு பிரஸ்ஸை மூடியவன்தான். ‘கல்யாண சீசன் வரட்டும், காலண்டர் சீசன் வரட்டும், எலெக்‌ஷன் வரட்டும்’ என்று ஒன்றரை வருடம் தள்ளினேன். அந்த ஒன்றரை வருடத்தில் ஏறிய கடனை அடைக்க ஆறு வருடம் ஆனது. மிஞ்சிப்போன லெட்டர்பேடுகளின் பின்பக்கத்தில் என் மனைவி மளிகைக் கணக்கு எழுதுவாள். முதல் மாதம் அதைப் பார்த்தாலே எனக்குச் சோறு இறங்காது. அப்புறம் நானே அதில் எழுதத் தொடங்கினேன்: துவரம்பருப்பு ஒரு கிலோ.

முதலில் அந்த மூன்று பேரிடம் சொல்லுங்கள். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்; நீங்கள் ஏசியை அணைக்கச் சொன்ன அன்றே பேசியிருப்பார்கள். ஒரு மாதம் முன்னதாகச் சொல்லி, கடைசிச் சம்பளத்தை முழுசாகக் கொடுத்து, அனுபவச் சான்றும் கொடுத்து, தெரிந்த நாலு ஸ்டூடியோவுக்கு நீங்களே போன் போடுங்கள். கையில் பணம் இருக்கும்போது மூடினால்தான் இதெல்லாம் முடியும்.

அடுத்தது அந்த நகைக்கடை. வேலை செய்து கொடுக்கும் முன்பே, சிறு தொழில்களுக்கான அரசின் உதயம் பதிவு எடுத்திருந்தீர்களா? எடுத்திருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. 2006-ஆம் வருட எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் பணம் கொடுக்க 45 நாளைத் தாண்டக்கூடாது; இல்லாவிட்டால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘பேங்க் ரேட்’ என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. புகாரை விசாரிக்கும் கவுன்சில் கோவையிலேயே இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். முதலாளியை விட்டுவிட்டு அவர்களுடைய கணக்குப் பிரிவுக்கும் ஆடிட்டருக்கும் எழுதுங்கள். 2023-24 கணக்காண்டிலிருந்து, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டியும் கொடுக்காத தொகையை, கொடுக்கும் வரை செலவாகக் காட்டி வரிக் கழிவு வாங்க முடியாது. முதலாளி காதில் விழாதது ஆடிட்டர் காதில் விழும்.

ஜிஎஸ்டியை அப்படியே விட்டுவிடாதீர்கள். வியாபாரமே இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போடாத ஒவ்வொரு நாளுக்கும் 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும். பதிவை ரத்து செய்ய விண்ணப்பித்து, ரத்தானதும் மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற கடைசி ரிட்டர்னைப் போட்டுவிடுங்கள். கஸ்டமர்களின் டொமைன், ஃபேஸ்புக் பக்க அட்மின், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் ஒப்படைத்து மெயிலில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கார்டில் ஏறியிருக்கும் டொமைன் புதுப்பிப்புகளையும் நிறுத்துங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

மூன்றையும் ஒரே கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். முதலாவது கம்பெனி ஆளைக் குறைத்தது, இரண்டாவது நட்பு முறிந்தது. இந்த மூன்றாவது ஒன்பது வருடம் நாலு குடும்பத்துக்குச் சோறு போட்டது. இன்டர்வியூவில் இருபத்தெட்டு வயசுக்காரர் எதிரே உட்கார்ந்திருந்தால் அதைச் சொல்லுங்கள். கொட்டேஷன் போட்டது, பிரஸ்ஸில் நின்று கலர் பார்த்தது, பாக்கிக்கு நடையாய் நடந்தது எல்லாம் அவர்களுக்குத் தேவைப்படும் அனுபவம்தான். ஏன் மூடினீர்கள் என்று கேட்டால் இரண்டே வரியில் பதில் சொல்லுங்கள். நீட்டினால் புலம்பலாகிவிடும்.

போர்டைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். எல்இடி போர்டு என்றால் எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி, அதற்குப் பொருத்தமான அடாப்டர் ஒன்று வாங்கி மாட்டச் சொல்லுங்கள், வீட்டிலும் எரியும். எங்கே மாட்டுவது என்று மகளையே கேளுங்கள். தன் பெயர் ராத்திரி முழுக்க எரியும் ஒரு அறை எந்தப் பிள்ளைக்குக் கசக்கும்? கரண்ட் பில் விஷயத்தில் மட்டும் முன்கூட்டியே ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்.