அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பெரிய அணிகள் கான்ஃபரன்ஸ் மாறும்போது சிறிய கல்லூரிகளுக்கு என்ன ஆகிறது?

இந்தக் கேள்விக்குப் பொதுவாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் படித்த ஊருக்கே இது நடந்தது. அதையே சொல்கிறேன்.

2017-ல் எம்.எஸ். படிக்க வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். பெயரில் வாஷிங்டன் இருந்தாலும் அது தலைநகரத்தில் இல்லை. சியாட்டிலிலிருந்து காரில் ஐந்து மணி நேரம் கிழக்கே போனால், கோதுமையும் மைசூர்ப் பருப்பு வகையறாவும் விளையும் மேடுகளுக்கு நடுவில் புல்மன் என்று ஒரு ஊர் வரும். மக்கள்தொகை முப்பதாயிரத்துச் சொச்சம். அதில் பெரும்பாதி மாணவர்கள். ஃபுட்பால் மைதானத்தில் ஏறக்குறைய 33,000 இருக்கைகள். அதாவது ஊரே திரண்டு வந்து உட்கார இடம் உண்டு.

இரண்டாம் ஆண்டு, 2018 அக்டோபர் 20, ஈஎஸ்பிஎன் விளையாட்டு சேனல் தன்னுடைய காலேஜ் கேம்டே என்ற வாராந்திர ஃபுட்பால் நிகழ்ச்சியை முதல்முறையாக எங்கள் ஊரில் நடத்தியது. அந்த நிகழ்ச்சி நாட்டில் எந்த ஊரில் நடந்தாலும், 2003 முதல் வாராவாரம் யாராவது ஒரு பழைய மாணவர் எங்கள் பல்கலைக்கழகக் கொடியைக் கூட்டத்தின் பின்னால் நின்று ஆட்டிக்கொண்டிருப்பார். பதினைந்து வருடம் ஊர் ஊராகப் போன கொடி, கடைசியில் சொந்த ஊரிலேயே பறந்தது. விடியற்காலை இருட்டில் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றவர்களில் வயதானவர்கள் சிலர் அழுததைப் பார்த்தேன். அன்று ஒரிகனை 34-20 என்று ஜெயித்தோம். அந்த வருடம் மொத்தம் 11 வெற்றி, பல்கலைக்கழக வரலாற்றிலேயே அதிகம். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்களே, எனக்கும் இந்த அணிக்கும் உள்ள உறவு அன்றிலிருந்து அப்படித்தான்.

சரி, கான்ஃபரன்ஸ் என்றால் என்ன? அருகருகே உள்ள பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட ஒரு கூட்டமைப்பு. சீசனின் பெரும்பாலான ஆட்டங்கள் தங்களுக்குள்ளேயே. டிவி கம்பெனியிடம் பேரம் பேசுவதும் ஒன்றாக, வரும் பணத்தைப் பிரித்துக்கொள்வதும் ஒன்றாக. இந்தக் கடைசி விஷயம்தான் எல்லாவற்றுக்கும் வேர். லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற பெருநகரத்தின் டிவி பார்வையாளர்களை யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் கொண்டுவருவார்கள். புல்மன் போன்ற சிற்றூரும் அதே பந்தியில் உட்கார்ந்து அதே அளவு சாப்பிடும். எங்கள் பேக்-12 கான்ஃபரன்ஸில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் வருடத்துக்கு 3 கோடி டாலருக்கு மேல் வந்துகொண்டிருந்தது.

2022 ஜூன் 30 அன்று அந்த இரண்டு லாஸ் ஏஞ்சலிஸ் அணிகளும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. பிக் டென் என்பது மிச்சிகன், ஒஹாயோ பக்கத்துக் கான்ஃபரன்ஸ். மீதிப் பத்து அணிகளும் ஒரு வருடம் புதிய டிவி ஒப்பந்தத்துக்காகக் காத்திருந்தன. கடைசியில் ஆப்பிள் நிறுவனம் ஒரு ஸ்ட்ரீமிங் ஒப்பந்தத்தை முன்வைத்தது. எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்களோ அதைப் பொறுத்துப் பணம். அதற்குள் கொலராடோ கிளம்பிவிட்டது. 2023 ஆகஸ்ட் 4, ஒரே நாளில் ஐந்து அணிகள் போயின. ஒரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12-க்கு. செப்டம்பர் முதல் தேதி ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரையோரக் கான்ஃபரன்ஸான ஏ.சி.சி.யில் சேர்ந்தன. பசிபிக் கரையில் இருந்துகொண்டு!

1915-ல் தொடங்கிய கூட்டமைப்பில் மிஞ்சியது இரண்டே இரண்டு பேர். நாங்களும், கொர்வாலிஸ் ஊரின் ஒரிகன் ஸ்டேட்டும். இரண்டுமே மோசமான அணிகள் அல்ல. அடுத்த வாரமே பிக் டென் அணியான விஸ்கான்சினைப் புல்மனில் 31-22 என்று தோற்கடித்தோம். ஆடிய ஆட்டத்துக்காக யாரும் எங்களை ஒதுக்கவில்லை, எங்கள் ஊரின் டிவி சந்தை சிறியது என்பதற்காக ஒதுக்கினார்கள். எனக்கு இன்றும் ஆறாத இடம் இதுதான்.

இரண்டு பல்கலைக்கழகங்களும் நீதிமன்றத்துக்குப் போயின. புல்மனுக்கு அருகே கோல்ஃபாக்ஸ் என்ற சிறிய ஊரில் இருக்கும் கவுன்டி நீதிமன்றத்தில், போகிற பத்துப் பேருக்கு இனி கான்ஃபரன்ஸ் நிர்வாகத்தில் ஓட்டு இல்லை என்று 2023 நவம்பரில் உத்தரவு கிடைத்தது. பின்னர் நடந்த சமரசத்தில் போனவர்களின் பங்கிலிருந்து மொத்தம் 6.5 கோடி டாலர் பிடித்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். அதை வைத்துத்தான் இரண்டு வருடம் மூச்சுவிட முடிந்தது.

ஆனால் பணத்தால் ஆட்களை நிறுத்திவைக்க முடியவில்லை. கேமரன் வார்டு என்ற குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) எங்களிடம் இரண்டு சீசன் ஆடினார். அதற்கு முன் டெக்சஸில் இன்கார்னட் வேர்டு என்ற சிறிய கல்லூரியில் ஆடியவர். 2023 முடிந்ததும் மயாமிக்குப் போனார். தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2025 என்.எஃப்.எல். டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வானார். அவருக்கு அடுத்து வந்த ஜான் மட்டீர் ஒரே சீசனில் ஒக்லஹோமாவுக்குப் போனார். கோச் ஜேக் டிக்கர்ட் வேக் ஃபாரஸ்டுக்குப் போனார். கொர்வாலிஸிலும் இதே கதை. கோச் ஜோனதன் ஸ்மித் அதே பல்கலைக்கழகத்தில் குவார்ட்டர்பேக்காக ஆடியவர். அவரே மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். இவர்களில் ஒருவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். கூரை ஆட்டம் காணும் வீட்டில் இருபது வயதுப் பையன் ஏன் இருக்க வேண்டும்?

சிறிய கல்லூரிக்கு ஏற்படும் முதல் பாதிப்பு என்னவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்: நாற்றங்காலாக மாறிவிடுவது. நாற்று வளரும், பிடுங்கி வேறு வயலில் நடுவார்கள். விளைச்சலை நீங்கள் டிவியில் பார்க்கலாம்.

அப்புறம் ஊர். ஆப்பிள் கப் என்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோடு 1900 முதல் நடக்கும் ஆட்டம், நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் வாரத்தில் நடப்பது வழக்கம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புல்மனுக்கு வரும். அந்த வாரத்துக்கு ஹோட்டல் அறை கிடைக்கவே கிடைக்காது. இப்போது அது செப்டம்பருக்குப் போய்விட்டது. ஐந்து வருடத்துக்கு மட்டும் ஒப்பந்தம்.

மற்ற விளையாட்டுகளும் தப்பவில்லை. 2025-ல் எங்கள் தடகள அணியில் தாண்டுதலையும் எறிதலையும் நிறுத்தி, குறுந்தூர ஓட்டத்தையும் தடை ஓட்டத்தையும் குறைத்து, நெடுந்தூர ஓட்டத்துக்கே முக்கிய இடம் கொடுத்தார்கள். 1978-ல் 81 நாட்களில் நான்கு உலக சாதனை படைத்த கென்யாவின் ஹென்றி ரோனோ படித்த பல்கலைக்கழகம் இது. ஃபுட்பால் டிவி பணம் குறைந்தால், டிவியில் ஒருபோதும் வராத ஈட்டி எறியும் பெண்ணின் இடம் போகிறது. இந்தத் தொடர்பு வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

இதுவரை நாங்கள் பாதிக்கப்பட்டவர்கள். இனிச் சொல்வது எனக்குக் கஷ்டமான பகுதி.

2024 சீசனில் ஆடுவதற்கு எங்களுக்கு எதிரணிகளே இல்லாதபோது, மவுண்டன் வெஸ்ட் என்ற கான்ஃபரன்ஸ் கைகொடுத்தது. 1.4 கோடி டாலர் வாங்கிக்கொண்டு எங்கள் இரண்டு அணிகளுக்கும் தலா ஆறு ஆட்டம் ஒதுக்கியது. தன் அணிகளை பேக்-12 திருடினால் அபராதம் என்றும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டது. அந்த சீசன் தொடங்கிச் சில வாரங்களிலேயே பேக்-12 அவர்களிடமிருந்து பாய்சி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், கொலராடோ ஸ்டேட் நான்கையும் 2026 முதல் எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. பிறகு யூட்டா ஸ்டேட்டையும். ஐந்து அணிகளுக்கு அபராதம் 5.5 கோடி டாலர். அதைக் கட்ட முடியாது என்று பேக்-12 வழக்குப் போட்டது.

நாங்கள் பிழைக்க வேறு வழி இருந்ததா என்று நிறைய யோசித்திருக்கிறேன். கான்ஃபரன்ஸாக அங்கீகாரம் நீடிக்க எட்டு அணிகள் வேண்டும், கெடு இரண்டு வருடம். கணக்குப்படி நியாயம்தான். ஆனாலும் மவுண்டன் வெஸ்ட்டில் விடப்பட்ட வயோமிங், நெவாடா அணிகளின் ரசிகர்கள் அன்று காலை செய்தியைப் பார்த்துவிட்டு என்ன உணர்ந்திருப்பார்கள் என்பது, 2023 ஆகஸ்டைப் பார்த்த எனக்கு நன்றாகவே தெரியும். எங்களுக்கு நடந்ததை நாங்கள் அவர்களுக்குச் செய்தோம்.

அவர்களும் சும்மா இருக்கவில்லை. மவுண்டன் வெஸ்ட், ‘கான்ஃபரன்ஸ் யு.எஸ்.ஏ.’ என்ற கூட்டமைப்பிடமிருந்து டெக்சஸின் எல் பாசோ அணியையும், மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸிடமிருந்து நார்தர்ன் இல்லினாய் ஃபுட்பால் அணியையும் இழுத்தது. சிகாகோவுக்கு மேற்கே சோளக்காட்டு நடுவில் உள்ள அந்த அணி, இனி ஹவாய் உள்ள கான்ஃபரன்ஸில் ஆட வேண்டும். இடம் காலியானவர்கள் அதற்கும் கீழே, எஃப்.சி.எஸ். என்ற அடுத்த அடுக்கில் இருந்து ஆள் தேடுகிறார்கள். மேலே ஒருவர் நகர்ந்தால் படிக்கட்டு முழுக்க ஒவ்வொருவரும் தனக்குக் கீழே உள்ளவரின் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். கடைசிப் படியில் இருப்பவருக்கு இழுக்க யாருமில்லை.

அந்தக் கடைசிப் படியில் நின்ற அணி எங்களிடமிருந்து எட்டு மைல் தூரத்தில் இருக்கிறது. மாநில எல்லை தாண்டியதும் மாஸ்கோ என்ற ஊர், அங்கே ஐடஹோ பல்கலைக்கழகம். ஒரு காலத்தில் எங்களுக்கும் அவர்களுக்கும் ஆட்டம் நடந்தால், தோற்ற பக்கத்து மாணவர்கள் ஜெயித்த பக்கத்து ஊருக்கு நடந்தே போக வேண்டும் என்று வழக்கம் இருந்தது. எங்களுக்குப் பத்து வருடம் முன்பே அவர்களுக்கு இது நடந்துவிட்டது. அவர்கள் இருந்த கான்ஃபரன்ஸிலிருந்து பாதிப் பேர் போனதும், 2012 சீசனோடு அது ஃபுட்பாலையே கைவிட்டது. 2013-ல் எந்தக் கான்ஃபரன்ஸும் இல்லாமல் தனியாக ஆடினார்கள். அந்த வருடம் ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் 80-14 என்று தோற்றார்கள். இது போன்ற ஆட்டத்துக்குச் சிறிய அணி போவது பணத்துக்காக. பெரிய அணி தன் மைதானத்துக்கு வரவழைத்து, வந்து அடி வாங்கியதற்குக் காசோலை கொடுக்கும். எப்போதாவது கதை மாறும். 2024-ல் நாட்ர டேம் 14 லட்சம் டாலர் கொடுத்து வரவழைத்த நார்தர்ன் இல்லினாய், 16-14 என்று ஜெயித்துவிட்டுப் போனது. ஆனால் பெரிய கான்ஃபரன்ஸ்கள் வீங்க வீங்க, தங்களுக்குள் ஆடும் ஆட்டங்களைக் கூட்டுகிறார்கள். எஸ்.இ.சி. என்ற தென்கிழக்கு மாநிலக் கான்ஃபரன்ஸ் அவற்றை 2026 முதல் ஒன்பதாக்குகிறது. அந்தக் காசோலைக்கான வாய்ப்பும் சுருங்குகிறது.

ஐடஹோவுக்கு சன் பெல்ட் என்ற தென் மாநிலக் கான்ஃபரன்ஸ் ஃபுட்பாலுக்கு மட்டும் இடம் கொடுத்தது. ஜார்ஜியாவுக்கும் லூயிசியானாவுக்கும் பறந்து ஆடினார்கள். 2016-ல் சன் பெல்ட்டும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அப்போது ஐடஹோ எடுத்த முடிவை நாடு முழுக்கப் பேசினார்கள். மேல் அடுக்கை விட்டுத் தானாக எஃப்.சி.எஸ்.ஸுக்கு இறங்கியது. 85 ஸ்காலர்ஷிப் 63 ஆனது. பழைய மாணவர்கள் கொதித்தார்கள். அந்த அறிவிப்புக்குப் பிறகு வந்த சீசனில்தான் அணி ஒன்பது ஆட்டம் ஜெயித்து, பாய்சியில் நடந்த பௌல் என்ற சீசன் முடிவுச் சிறப்பு ஆட்டத்தில் கொலராடோ ஸ்டேட்டை 61-50 என்று தோற்கடித்தது என்பது அவர்களுக்கு இரட்டை வலி.

நான் புல்மனுக்கு வந்த புதிதில் மாஸ்கோக்காரர்களைப் பாவம் என்றுதான் நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. பிக் ஸ்கை கான்ஃபரன்ஸில் மொன்டானா, ஈஸ்டர்ன் வாஷிங்டன் என்று பழைய பக்கத்து ஊர்ப் பகையாளிகள் திரும்பக் கிடைத்தார்கள். கிப்பி டோம் என்ற அவர்களுடைய 16,000 இருக்கை உள்ளரங்க மைதானம் அந்த அடுக்குக்குப் பொருத்தமாக இருக்கிறது. 2022 முதல் மூன்று வருடம் தொடர்ந்து பிளேஆஃபுக்குப் போனார்கள். சாம்பியன் பட்டத்துக்கு உண்மையான வழி இருக்கிற இடத்தில் ஆடுகிறார்கள். மேல் அடுக்கில் பிளேஆஃப் பணத்தில் பாதிக்கு மேல் பிக் டென்னும் எஸ்.இ.சி.யும் எடுத்துக்கொள்ள, சிறிய கான்ஃபரன்ஸ்கள் எல்லாம் சேர்ந்து பத்தில் ஒரு பங்குகூடப் பெறாத நிலையில், அங்கே கடைசி இலைக்குக் காத்திருப்பதைவிட இது மேல் என்று நினைக்கிறேன். ஆனால் பிடுங்கி நடுவது அங்கேயும் நிற்கவில்லை. அந்த மூன்று நல்ல வருடங்களையும் கொடுத்த கோச் ஜேசன் எக், மவுண்டன் வெஸ்ட் அணியான நியூ மெக்சிகோவுக்குப் போனார். எங்கள் பக்கமும் சவுத் டகோட்டா ஸ்டேட் என்ற எஃப்.சி.எஸ். அணியின் கோச்சையும், கூடவே அவருடைய ஆட்டக்காரர்கள் நிறையப் பேரையும் கொண்டுவந்தோம். ஒரே சீசன். அவரை அயோவா ஸ்டேட் எடுத்துக்கொண்டது.

இப்போது ஸ்போகேனில் இருக்கிறேன், புல்மனிலிருந்து ஒன்றரை மணி நேரம். 2025 ஆகஸ்ட் 30 அன்று சீசனின் முதல் ஆட்டம், எதிரணி ஐடஹோ. மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எங்கள் பக்கத்து இருக்கைகளில் தங்க நிற பனியன் போட்ட ஒரு ஐடஹோ குடும்பம். எங்களைவிட ஒரு அடுக்கு கீழே உள்ள அணி கடைசி வரை விடாமல் நின்றது. ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு ஃபீல்ட் கோல் அடித்து 13-10 என்று தப்பித்தோம். நான் எழுந்து கத்தினேன், கத்திவிட்டுப் பக்கத்தில் பார்த்தேன். அந்தக் குடும்பத்துப் பெரியவர் எழுந்து என் கையைக் குலுக்கினார். அடுத்து எப்போது நம் இரண்டு ஊருக்கும் ஆட்டம் என்று கேட்டார்.