ஈயை ஆராய்ந்து மனித மரபணுவைப் புரிந்துகொள்ள முடியுமா?

"ஈ எங்கே, மனிதன் எங்கே? அதை ஆராய்ந்து நமக்கு என்ன தெரியப்போகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான சந்தேகம்தான். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் உயிரியலாளர் வால்டர் கெஹ்ரிங்கின் குழு செய்து 1995-ல் வெளியிட்ட சோதனையைச் சொன்னாலே போதும்.

கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றிப் பொடி ஈக்கள் பறக்குமே, அவற்றில் 'ஐலெஸ்' என்றொரு மரபணு உண்டு. அது கெட்டால் கண் சிறுத்துப்போகும், அல்லது வராமலே போகும். (கண்ணை உண்டாக்கும் மரபணுவுக்குப் பெயர் 'கண்ணில்லாதது'! கெட்டால் என்ன ஆகிறது என்று பார்த்துப் பெயர் வைப்பது ஈ ஆய்வாளர்களின் பழக்கம்.) எலியிலும் நம்மிலும் இதற்கு இணையானது பாக்ஸ்6. நம்மில் அதன் இரு பிரதிகளில் ஒன்று பழுதானாலே கண்ணின் ஐரிஸ் (கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையம்) சரியாக உருவாகாமல் போகலாம்.

எலியின் பாக்ஸ்6-ஐ ஈக்குள் புகுத்தி, வளரும் ஈப்புழுவில் கால் உருவாகும் இடத்தில் இயங்கவைத்தார்கள். காலில் கண் முளைத்தது! அதுவும் எலிக் கண் இல்லை. குட்டிக் குட்டி முகப்புகள் கொண்ட அசல் ஈக் கண்.

காரணம், இந்த மரபணு கண்ணின் வரைபடம் அல்ல, சுவிட்ச். அது தரும் புரதம் டிஎன்ஏவில் போய் உட்கார்ந்து மற்ற மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. சுவிட்சைப் போட்டது எலியின் மரபணு; கண்ணைக் கட்டியவை ஈயின் சொந்த மரபணுக்கள்.

எலியின் சுவிட்ச் ஈயிலும் வேலை செய்கிறது என்றால், ஈயில் கற்றுக்கொள்வது நம் மரபணுவைப் புரிந்துகொள்ளவும் உதவும். இதையே எலியில் ஆராய மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஈக்குப் பத்து நாளில் அடுத்த தலைமுறை வந்துவிடும்.