ஆறாவது மாடி ஃபால்கோவும் மூன்றாவது மாடி மகனும்

கேள்வி: வயது 46. தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. பண்டைய ரோமில் நடக்கும் துப்பறியும் நாவல்கள் என்றால் எனக்கு உயிர். லிண்ட்சி டேவிஸின் ஃபால்கோ வரிசை இருபதையும் முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். இரவு ஒரு மணி வரை படிப்பதால் “ரோமாபுரியிலேயே போய்க் குடியிருங்கள்” என்று மனைவி சண்டை போடுகிறாள். மற்றபடி வீட்டில் பெரிய கவலை இல்லை. அம்மாவுக்கு ஏழெட்டு வருடமாக மூட்டுவலி; அண்ணன் வீட்டில் இருக்கிறார், அண்ணி நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். நாங்கள் நான்கு வருடம் முன்பு குடிவந்த வாடகை வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, அதனால் அம்மா இங்கே வருவதில்லை. ஆனால் பால்கனியில் நல்ல காற்று, உட்கார்ந்து படிக்க சுகம். ஃபால்கோவும் ஆறாவது மாடிக்காரன் என்பதால் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி தோன்றுகிறது. அவன் அம்மா அவனைத் திட்டும் இடங்களை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். இந்தக் கதைகள் ஏன் இப்படி இழுக்கின்றன? இது தப்பான பழக்கமா? அடுத்து எதைப் படிக்கலாம்?

பதில்: தம்பி, புத்தகத்தால் வீட்டில் சண்டை என்று வரும் கடிதங்கள் எனக்குப் புதிதல்ல. பாதிக்கு மேல் சண்டைக்கும் புத்தகத்துக்கும் சம்பந்தமே இருக்காது. உங்கள் கடிதமும் அந்த ரகம்தான்.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஏன் இழுக்கிறது என்றால், அந்த ஊரில் நாம் அறிந்த மாதிரியான போலீஸ் கிடையாது. கி.பி. 6இல் பேரரசர் அகஸ்டஸ் ஏற்படுத்திய விஜிலீஸ் படைக்குத் தீயணைப்பதும் ராத்திரி ரோந்து போவதும்தான் முக்கிய வேலை. போகிற வழியில் திருடன் சிக்கினால் பிடிப்பார்கள், அவ்வளவுதான். அரசு வக்கீலும் இல்லை. ஒருவன்மேல் குற்றம் சாட்ட வேண்டுமென்றால் யாராவது ஒரு தனிமனிதன்தான் எழுந்து நின்று சாட்ட வேண்டும். அப்புறம் அந்த ஊரில் குற்றம் என்பது வெறும் புதிர் விளையாட்டு இல்லை. கி.பி. 61இல் பெடானியஸ் செகுண்டஸ் என்ற நகர அதிகாரியை அவருடைய அடிமையே கொன்றுவிட்டான். ஒரே கூரையின் கீழ் இருந்த அடிமைகள் எல்லோரும் சாக வேண்டும் என்பது வழக்கம், ஆகவே பெண்கள் குழந்தைகள் உட்பட 400 பேருக்கு மரண தண்டனை. ஜனங்கள் கல்லும் தீப்பந்தமுமாகத் திரண்டும் பயனில்லை. பேரரசன் நீரோ வழிநெடுகச் சிப்பாய்களை நிறுத்திவைத்து தண்டனையை நிறைவேற்றினான். கொன்றவன் யார் என்று தெரிந்த வழக்கிலேயே இந்தக் கதி என்றால், தெரியாத வழக்கில் ஒருவன் உண்மையைத் தேடிப் போவது எத்தனை பேருடைய உயிர் விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

அதுவும் உங்கள் ஃபால்கோ தனிக்கட்டைத் துப்பறிவாளன் இல்லை. 1989இல் வந்த முதல் நாவலில், பேரரசர் வெஸ்பாசியன் ஆட்சியில், கி.பி. 70இல் அவனைச் சந்திக்கிறோம். வாடகை பாக்கி. அப்பன் இன்னொருத்தியோடு ஓடிப்போனவன். அம்மாவின் வாயிலிருந்து தப்பவே முடியாது, அக்கா தங்கைகள் வேறு, இதெல்லாம் போதாதென்று போரில் செத்துப்போன அண்ணனின் மகளும் அவன் பொறுப்பில். புலம்பிக்கொண்டே எல்லாரையும் சுமக்கிறான். கொலைகாரன் யார் என்பது இரண்டாவது வாசிப்பில் உங்களுக்குத் தெரியும். அப்படியும் திட்டு வாங்கும் பக்கங்களைத்தானே தேடிப் போகிறீர்கள்?

சரி, இப்போது நான் கொஞ்சம் துப்பறிகிறேன்.

அம்மாவுக்கு மூட்டுவலி ஏழெட்டு வருடமாக என்கிறீர்கள். இந்த வீட்டுக்கு வந்து நான்கு வருடம் என்கிறீர்கள். கணக்குப் பிரிவில் இருக்கிறவர், இந்தக் கழித்தலை நீங்களே போட்டுப் பார்க்க வேண்டாமா? வலி முதலில் வந்தது, மாடி பிறகுதான் வந்தது. மூட்டுவலிக்காரத் தாய் ஏற முடியாத வீட்டைத் தெரிந்தே பிடித்துவிட்டு, மாடி இருப்பதால் அவர் வருவதில்லை என்று எழுதுகிறீர்கள்! படிக்கட்டைப் பிள்ளையார் சதுர்த்திக்கு யாரோ வந்து கட்டிவிட்டுப் போன மாதிரி.

இந்தச் சாக்கு ரோமாபுரியிலேயே இருந்தது. முதல் நூற்றாண்டுக் கவிஞர் மார்ஷியலிடம் லூபர்கஸ் என்ற ஒருவன், பையனை அனுப்பி உங்கள் புத்தகத்தை வாங்கிக்கொள்ளட்டுமா, படித்துவிட்டுத் தருகிறேன் என்று கேட்பான். பையனை எதற்குச் சிரமப்படுத்துகிறீர்கள், நான் இருப்பது மூன்றாவது மாடி, உயரமான மாடி வேறு, பக்கத்திலேயே கடை இருக்கிறது, ஐந்து டெனாரியஸ் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று கவிஞர் கழற்றிவிடுவார். ஓசிப் புத்தகம் கேட்டவனை விரட்ட அவருக்கு மாடி உதவியது. நீங்கள் விரட்டியது யாரை?

ஃபால்கோவோடு உங்களை ஒப்பிட்டுக்கொள்ளவும் வேண்டாம். ரோமில் மேலே போகப் போகத்தான் வாடகை குறையும். மேல்மாடிக்குத் தண்ணீர் வராது, தெருக் குழாயடியிலிருந்து குடத்தில் சுமக்க வேண்டும், தீப்பிடித்தால் கடைசியில் இறங்குகிறவர்களும் அவர்கள்தான். அவன் வக்கில்லாமல் ஆறாவது மாடிக்குப் போனான். நீங்கள் காற்றுக்காகப் போனீர்கள்.

அண்ணி நன்றாகப் பார்த்துக்கொள்கிறார் என்று யார் சொன்னது? அண்ணியா, அண்ணனா, பண்டிகைக்குப் போய் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு நீங்களாக எடுத்துக்கொண்ட முடிவா? காலையில் முட்டிக்குத் தைலம் தேய்த்து, பாத்ரூமுக்குக் கைப்பிடித்துக் கூட்டிப் போய், மாத்திரையை எண்ணிக் கொடுப்பவர், தன் அம்மா வீட்டில் ஒரு வாரம் நிம்மதியாக இருந்துவிட்டு வர வேண்டுமென்றால் மாமியாரை யாரிடம் விடுவார்? பெரியவன் வைத்துக் காப்பாற்றட்டும், சின்னவன் எட்டிப் பார்த்தால் போதும் என்ற பங்கீடு எனக்கு ஒத்துவராது. பழங்காலத்துப் பேச்சு என்றால் இருக்கட்டும். பெற்றவளுக்கு இரண்டு பிள்ளை வீடும் வீடாக இருக்க வேண்டும். அங்கே பிடிக்கவில்லை என்றால் இங்கே என்று பெட்டியைத் தூக்கும் உரிமை அவருக்கு வேண்டும். அது இல்லாததால்தான் பல அம்மாக்கள் வாயைத் திறப்பதில்லை. உங்களைத் திட்டக்கூட இப்போது உங்கள் வீட்டில் ஆள் இல்லை, அதையும் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறீர்கள்.

உங்கள் மனைவிக்கும் ஒரு கேள்வி. வீடு பார்க்கப் போனது இரண்டு பேரும்தானே? ரோமாபுரியைப் பற்றிக் கோபப்படும் நேரத்தில் அதைப் பேசியிருக்கலாம்.

வாடகை வீடுதான் என்பதால் தப்பித்தீர்கள். அக்ரிமென்ட் முடியும்போது புதுப்பிக்காதீர்கள். தரைத்தளத்தில் தேடுங்கள். வாசலில் எத்தனை படி, பாத்ரூமில் மேல்நாட்டுக் கழிப்பறை உண்டா, சுவரில் பிடிக்கக் கம்பி அடிக்க வீட்டுக்காரர் விடுவாரா என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். காற்று குறையும், கொசு வரும், வலை அடியுங்கள். அதுவரைக்கும் மாதம் ஒரு முறை சனி, ஞாயிறு அண்ணன் வீட்டில் போய்த் தங்கி, அண்ணியை அவர் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்.

அடுத்து எதைப் படிக்கலாம் என்று கேட்டீர்களே, ஸ்டீவன் சேலர் 1991இல் எழுதிய, கோர்டியானஸ் என்ற ரோமானியத் துப்பறிவாளன் வரும் முதல் நாவலைப் படியுங்கள். கி.மு. 80இல் நிஜமாக நடந்த வழக்கு அது. தகப்பனைக் கொன்றான் என்று செக்ஸ்டஸ் ரோஸியஸ்மேல் குற்றம். 60 லட்சம் செஸ்டர்ஸ் (அந்த ஊர்க் காசு) பெறும் தகப்பனின் சொத்தை வெறும் 2000க்கு ஒருவன் அமுக்கியிருந்தான். மகனுக்காக வாதாடியவர் 26 வயது சிசரோ. அப்பா நகரத்திலும் மகன் கிராமத்திலும் தனித்தனியாக இருந்ததையே பகைக்கு அடையாளமாகக் காட்டினார்கள் எதிர்த்தரப்பினர். இல்லை, நிலத்தை நம்பி ஒப்படைத்திருந்தார் என்று சிசரோ பதில் சொன்னார். நீங்கள் முதலில் வீட்டு புரோக்கருக்குப் போன் போடுங்கள், நாவலை அப்புறம் வாங்கலாம்.