ஊதா, வெள்ளை, பச்சைக் கல் பதித்த பழைய புரோச் (உடையில் குத்தும் நகை) எல்லாம் 'சஃப்ரஜெட்' நகைதானா?

இல்லை. இந்த மூன்று நிறங்களும் பிரிட்டனில் பெண்கள் வாக்குரிமைக்குப் போராடிய எம்மலின் பாங்கர்ஸ்ட் அணியினருடையவைதான்; அவர்களைத்தான் 'சஃப்ரஜெட்' என்பார்கள். 1908-இல் அந்த அணியின் தலைவர்களில் ஒருவரான எம்மலின் பெத்திக் லாரன்ஸ் அவற்றைத் தேர்ந்தெடுத்தார்: ஊதா கண்ணியம், வெள்ளை தூய்மை, பச்சை நம்பிக்கை. ஆனால் அமெதிஸ்ட் (ஊதாக் கல்), முத்து, பெரிடாட் (பச்சைக் கல்) சேர்ந்த நகைகள் அந்தக் காலத்தில் பலரும் விரும்பி அணிந்தவை. கல்லின் நிறத்தை மட்டும் பார்த்துக் காசைக் கொட்டாதீர்கள். அது யாருடையது என்று காட்டும் கடிதமோ படமோ கேளுங்கள்.

இயக்கத்துக்கே உரியது, லண்டனின் ஹாலோவே சிறையின் பெயரைக் கொண்ட ஹாலோவே புரோச். சிறை சென்று வந்த பெண்களுக்கு 1909 முதல் கொடுத்தது. வடிவமைத்தவர் எம்மலின் பாங்கர்ஸ்டின் மகள் சில்வியா பாங்கர்ஸ்ட். வெள்ளியில் கோட்டைவாயிலின் கம்பிக் கதவு, இருபுறமும் தொங்கும் சங்கிலி: அது நாடாளுமன்றத்தின் சின்னம். அதன்மேல் மூவண்ண எனாமலில் அகன்ற அம்பு: கைதிகளின் உடையில் இருந்த அதே குறி. இழிவுபடுத்த வைத்த குறியையே நெஞ்சில் குத்திக்கொண்டார்கள். எவ்வளவு பெரிய துணிவு!

சிறையில் உண்ணாவிரதம் இருந்தவர்களுக்குக் கொடுத்த உண்ணாவிரதப் பதக்கம் வேறு. மூவண்ண நாடாவில் தொங்கும்; மேல் பட்டையில் 'வீரத்துக்காக' என்ற பொருளில் ஆங்கிலப் பொறிப்பு இருக்கும்.

சிவப்பு இருந்தால் போலி என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். அதே வாக்குரிமைக்காக அமைதி வழியில் போராடிய, மில்லிசென்ட் ஃபாசெட் தலைமையிலான மிதவாதச் சங்கத்தின் நிறங்கள் சிவப்பு, வெள்ளை, பச்சை.