வாசகர் கேள்விகள்: எந்த வயதில் விமானி ஆகலாம்?

விமானி ஆவது பற்றி மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களுள் நான்கிற்கு இந்த இதழில் விடை எழுதுகிறேன். திருமங்கலத்தில் பிறந்து, பயணிகள் விமானங்களை ஓட்டி ஓய்வுபெற்று, பின்னர் பயிற்சி மாணவர்களுக்கு வகுப்பெடுத்த அனுபவத்தைக் கொண்டு எழுதுகிறேன்.

பிளஸ் 1 மாணவி, மேலூர்: எனக்கு 16 வயது ஆகிறது. 18 வயதிலேயே பயணிகள் விமானம் ஓட்டலாம் என்று படித்தேன். உண்மையா?

உரிமம் பெறுவது ஒன்று, பயணிகள் விமானத்தில் பணியில் அமர்வது வேறொன்று. உங்கள் கேள்வியில் இரண்டும் கலந்திருக்கின்றன. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிப்படி 16 வயதில் மாணவர் விமானி உரிமமும், 17 வயதில் தனியார் விமானி உரிமமும், 18 வயதில் வணிக விமானி உரிமமும் பெறலாம். சம்பளம் வாங்கி விமானம் ஓட்டுவதற்கு மூன்றாவதாகச் சொன்ன உரிமம் வேண்டும். அதற்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அவற்றில் 100 மணி நேரமாவது விமானத்தின் முழுப் பொறுப்பையும் நீங்களே ஏற்றுப் பறந்ததாக இருக்க வேண்டும்.

அந்த 200 மணி நேரத்தில் பெரும்பகுதி, செஸ்னா 172 போன்ற, நான்கு பேர் அமரும் சிறிய ஒற்றை எஞ்சின் விமானத்தில்தான் கழியும். ஏறத்தாழ 180 பேர் பயணம் செய்யும் ஏர்பஸ் 320 விமானத்தின் வலப்பக்க இருக்கையில் துணை விமானியாக அமர்வதற்கு, அந்த வகை விமானத்துக்கென்றே தனியான ‘டைப் ரேட்டிங்’ பயிற்சியை முடித்து, விமான நிறுவனத்தின் தேர்வில் வென்று, பயிற்சி கேப்டன் ஒருவருடன் பல வாரங்கள் பறந்து காட்ட வேண்டும். எனவே பிளஸ் 2 முடித்தவுடன் தொடங்கினாலும் 20 அல்லது 21 வயதில் முதல் பணி என்று கணக்கிடுவதே நடைமுறைக்கு ஒத்தது. இடப்பக்க இருக்கை கேப்டனுக்குரியது. அதற்கு வேண்டிய உயர்நிலை உரிமம் 21 வயதும் 1,500 மணி நேரமும் நிறைந்த பிறகே கிடைக்கும்.

விஜயவாடாவில் வளர்ந்த ஆனி திவ்யா 17 வயதில் உத்தரப்பிரதேசத்தின் ரேபரேலி அருகிலுள்ள இந்திரா காந்தி ராஷ்ட்ரீய உரான் அகாடமி என்ற அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, 19 வயதில் பயிற்சியை முடித்தவர். அவர் போயிங் 777 விமானத்தின் கேப்டன் ஆனபோது வயது 30. செய்திகள் அந்த 30 வயதைக் கொண்டாடின. இடையில் கழிந்த 11 ஆண்டுகளைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும் என்பேன். பயணிகள் விமானத்தை 65 வயது வரை ஓட்டலாம் என்பதால், 18 வயதில் தொடங்க முடியாமல் 22 வயதில் தொடங்கினாலும் பறப்பதற்கு 40 ஆண்டுகளுக்கு மேல் மிச்சம் இருக்கும்.

ஒரு தந்தை, உசிலம்பட்டி: மகன் கண்ணாடி அணிபவன். பயிற்சிக்கு இரண்டு ஏக்கர் நிலத்தை விற்கலாம் என்றிருக்கிறேன். இந்த வாரமே முன்பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று ஒரு முகவர் சொல்கிறார். என்ன செய்வது?

ஐயா, நிலத்தை இப்போது விற்காதீர்கள்; முன்பணமும் கட்டாதீர்கள். முதலில் மகனை மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

விமானிக்கான பரிசோதனை இரண்டு கட்டமாக நடக்கிறது. இயக்குநரகத்தின் ஒப்புதல் பெற்ற மருத்துவரிடம் முதலில் இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் பெற வேண்டும். அதன் பிறகு, விமானப்படையின் மருத்துவ மையங்களிலோ ஒப்புதல் பெற்ற பிற மையங்களிலோ முதல் வகுப்புப் பரிசோதனை நடக்கும். தென்மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் இதற்குப் பெங்களூரு செல்கிறார்கள். கண், காது, இதயத் துடிப்பு வரைபடம், இரத்தம், சிறுநீர் என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். வணிக உரிமத்துக்கு இந்த முதல் வகுப்புச் சான்றிதழ் கட்டாயம். கண்ணாடி அணிந்து பார்வை முழுமையாகத் திருந்துமானால் கண்ணாடி ஒரு தடையாகாது, நிறக்குருடு தடையாகும். பிறவியிலேயே வரும் அந்தக் குறை, சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு காண வேண்டிய புள்ளிப் படத்தை முன்னால் வைக்கும் வரை, உரியவருக்கே தெரியாமல் இருந்துவிடுவது உண்டு.

என் வகுப்புக்கு வந்த விருதுநகர்ப் பக்கத்து மாணவர் ஒருவருக்கு அப்படித்தான் நேர்ந்தது. குடும்பத்தார் வீட்டை அடமானம் வைத்துக் கல்விக்கட்டணத்தின் பெரும்பகுதியைக் கட்டிவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து நடந்த முதல் வகுப்புப் பரிசோதனையில் நிறக்குருடு தெரியவந்தது. கட்டிய பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை. அந்தப் பையனின் தந்தை என் முன்னால் உட்கார்ந்து, “சில ஆயிரம் செலவில் முன்பே தெரிந்திருக்குமா சார்?” என்று கேட்டதை என்னால் மறக்க இயலவில்லை. தெரிந்திருக்கும் என்பதுதான் உண்மை. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு அழுத்தமாக எழுதுகிறேன்.

சான்றிதழ் கைக்கு வந்த பிறகு செலவைப் பற்றி யோசிக்கலாம். வணிக உரிமம் வரையிலான பயிற்சிக்கு 50 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் ஒதுக்க வேண்டியிருக்கும். டைப் ரேட்டிங்குக்குத் தனியே பல லட்சம் ஆகும். இந்த இரண்டாவது செலவை முகவர்கள் பெரும்பாலும் முதல் நாளில் சொல்வதில்லை. வங்கிக் கடன் வாங்குவதாக இருந்தால், உரிமம் பெற்ற மறுநாளே வேலை கிடைத்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். ஓரிரு ஆண்டுகள் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும், அந்த நாட்களிலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

பயிற்சிப் பள்ளிக்கு நேரில் போய், பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள் நிற்கின்றன, பயிற்றுநர்கள் எத்தனை பேர், சென்ற அணியினர் 200 மணி நேரத்தை முடிக்க எத்தனை மாதம் எடுத்தார்கள் என்று கேளுங்கள். இதை அலுவலகத்தில் கேட்பதோடு நில்லாமல் விடுதியில் தங்கியிருக்கும் மாணவர்களிடமும் விசாரியுங்கள். கட்டணத்தை, பறந்த மணிகளுக்கு ஏற்பத் தவணையாகச் செலுத்த ஒப்புக்கொள்ளும் பள்ளியே மேல். ஒப்புதல் பெற்ற பள்ளிகளின் பட்டியல் இயக்குநரகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. வெளிநாட்டில் பயின்றால் அங்குள்ள உரிமத்தை இங்கே மாற்றிக்கொள்ள இந்தியத் தேர்வுகளை எழுத வேண்டியிருக்கும் என்பதையும் செலவோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

நாட்டுக்குப் பணியாற்றும் விருப்பம் இருந்து, கண்ணாடியும் தேவைப்படாத பிள்ளைகள், தேசியப் பாதுகாப்பு அகாடமி வழியாக விமானப்படையில் சேர்ந்து, குடும்பத்துக்குச் செலவின்றியே பறக்கக் கற்கலாம். பிளஸ் 2 மாணவர்கள் 16½ முதல் 19½ வயதுக்குள் அதில் சேரலாம். 2022 முதல் பெண்களும் சேர்கிறார்கள்.

அரசுப் பள்ளி மாணவர், வாடிப்பட்டி: தமிழ் வழியில் படிக்கிறேன். கணக்கும் ஆங்கிலமும் என்னைத் தடுத்துவிடுமா?

தடுக்காது, இன்றைக்கே பழகத் தொடங்கினால். விமானிக்கு வேண்டிய கணக்கு பெரும்பாலும் முக்கோணங்களும் விகிதங்களும்தான். நம் ஊரில் ஆடி மாதத்தில் அம்மியையும் நகர்த்தும் மேற்குக் காற்று அடிக்கிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கி.மீ.) வேகத்தில் வடக்கு நோக்கிப் பறக்கும் சிறிய விமானத்தைப் பக்கவாட்டில் 20 நாட் காற்று தள்ளினால், விமானத்தின் மூக்கைச் சுமார் 11½ பாகை காற்றின் பக்கம் திருப்பி வைத்தால்தான் அது நேர் வடக்கே போகும். திசையில் ஒரே ஒரு பாகை பிசகினாலும், 60 நாட்டிகல் மைல் (சுமார் 111 கி.மீ.) போனபின் ஒரு நாட்டிகல் மைல் விலகியிருப்பீர்கள். சித்திரை வெயிலில் காற்று அடர்த்தி குறைந்து, விமானம் மேலெழ நீண்ட ஓட்டம் தேவைப்படும். அது உங்கள் இயற்பியல் பாடம்.

ஆங்கிலத்தைப் பொறுத்தவரை இலக்கிய நடை வேண்டியதில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்வதைச் சரியாகக் கேட்டு, அதே சொற்களில் திருப்பிச் சொல்லும் தெளிவு வேண்டும். 1977ஆம் ஆண்டு மார்ச் 27 அன்று ஸ்பெயின் நாட்டின் டெனரீப் தீவில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்ததற்கு, வானொலியில் பேசிய சொற்கள் தெளிவில்லாமல் போனதும் ஒரு காரணம். அரை மணி நேரம் ஆங்கிலச் செய்தி கேட்டு, கேட்டதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். (வணிகவியல் பிரிவில் படிக்கும் தங்கைக்கும் இதே ஆசை என்று எழுதியிருந்தீர்கள், அவர் இயற்பியலையும் கணிதத்தையும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தனியே எழுதித் தேர்ச்சி பெறலாம்.)

ஒரு தாயார், திருநகர்: 18 வயதுப் பிள்ளையை நம்பி விமானத்தைக் கொடுப்பது சரிதானா?

அம்மா, வயதை மட்டும் நம்பி எவரும் கொடுப்பதில்லை. மாணவர் முதன்முதலாகத் தனியே பறக்கும் நாள் எது என்பதைப் பயிற்றுநர் ஒருவரே தீர்மானிப்பார். முன்கூட்டிச் சொல்லவும் மாட்டார். என் மாணவி ஒருத்தி ஒரு காலையில் அடுத்தடுத்து மூன்று முறை நன்றாகத் தரையிறக்கியதைப் பார்த்த அவளுடைய பயிற்றுநர், விமானத்தை நிறுத்தச் சொல்லி, பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கிவிட்டார். ஒரு சுற்று போய்வரச் சில நிமிடங்கள்தான் ஆகும். அவள் இறங்கும் வரை அவரும் நானும் ஓடுபாதை ஓரப் புல்வெளியில் பேசாமல் நின்றோம். திரும்பி வந்தவள் கதவைத் திறந்ததும் முதலில் சொன்னது, இரண்டாம் திருப்பத்தில் 50 அடி உயரம் கூடிவிட்டது, அதைத் திருத்த வேண்டும் என்பது.