ஆஸ்திரேலியாவில் குற்றச் சட்டம் நாடு முழுக்க ஒன்றுதானா?

இல்லை. 1901இல் 6 காலனிகள் சேர்ந்து ஒரே நாடானபோது, குற்றச் சட்டம் பெரும்பாலும் மாநிலங்கள் கையிலேயே தங்கிவிட்டது. சிட்னியில் ஒருவரை அடித்தால் நியூ சவுத் வேல்ஸின் 1900ஆம் ஆண்டுச் சட்டம். பிரிஸ்பேனில் என்றால் குயின்ஸ்லாந்தின் தனிச் சட்டத் தொகுப்பு. பயங்கரவாதம், போதைப்பொருள் இறக்குமதி போன்றவை மத்திய அரசின் சட்டத்தில் வரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிட்னி விமான நிலையத்தில் பெட்டிக்குள் கொக்கெய்னோடு பிடிபட்டவர்மேல் வழக்கு மத்திய சட்டப்படி. விசாரிப்பதோ மாநிலத்தின் மாவட்ட நீதிமன்றம். அவர் குற்றத்தை மறுத்தால், தீர்ப்புச் சொல்ல அழைக்கப்படும் சாதாரணக் குடிமக்களான 12 ஜூரிகளும் ஒருமனதாகச் சொன்னால்தான் குற்றவாளி. மத்தியச் சட்டத்தின் பெரிய வழக்குகளுக்கு ஜூரி வேண்டும் என்கிற அரசியலமைப்பின் 80ஆம் பிரிவுப்படி ஒருமனம் கட்டாயம் என்று 1993இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான ஹை கோர்ட் சொல்லிவிட்டது. பக்கத்து அறையில் மாநிலச் சட்டப்படி நடக்கும் கொள்ளை வழக்கிலோ, ஜூரிகள் நெடுநேரம் பேசியும் ஒத்துப்போகாவிட்டால் 11 பேர் முடிவே போதும். 2006 முதல் அப்படி. ஒரே கட்டடத்துக்குள் இரண்டு அளவுகோல் என்பது எனக்கு விசித்திரமாகத்தான் படுகிறது.

சின்ன வழக்குகளுக்கு ஜூரியே கிடையாது, மாஜிஸ்திரேட்டே தீர்ப்புச் சொல்லிவிடுவார். கடைசிப் படி, கான்பெர்ராவில் 7 நீதிபதிகள் உள்ள ஹை கோர்ட். அங்கே மேல்முறையீடு போக முதலில் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது கிடைப்பதில்லை.